ஊதிப் பார்த்த கண்ணாடி

சீச்சி என்பது யாரும் அவளுக்கு வைத்த பெயரல்ல, அவளாகச் சம்பாதித்த பெயர். குழந்தையில் அவள் பேசிய முதல் வார்த்தையே "சீ"தான் என்று அக்கா சத்தியம் பண்ணுவாள். பால் டம்ளரில் ஆடை மிதந்தால் சீ. குளியலறைச் சல்லடையில் யாருடைய தலைமுடியாவது சுருண்டு கிடந்தால் சீச்சீ. பள்ளியில் வாத்தியார் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டிக் கொடுத்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் தொடாமலே பரீட்சைக்குப் போய், அதிலிருந்தே கேள்வி வந்து கோட்டை விட்டவள். நாற்பதைத் தாண்டிய பிறகும், கடல் தாண்டிய பிறகும், அந்தப் பெயர் அவளை விடவில்லை.

கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. வந்தவர்களைத்தான் வேண்டாம் என்றாள். ஒருவர் காபி உறிஞ்சிய சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. இன்னொருவர் பேசிக்கொண்டே வண்டிச் சாவியால் காது குடைந்து, சாவி நுனியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தார். மூன்றாவது ஆள் நல்ல மனிதர், வாய் திறந்து குறை சொல்ல ஒன்றுமில்லை. கை கொடுத்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. அத்தோடு அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "உனக்கு மாப்பிள்ளை தேட முடியாதுடி. எவனையாவது பிடிச்சுக் கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான் எடுக்கணும்."

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஊரிலேயே நாறுகிற வேலையில் உட்கார வைத்தது யாருடைய குறும்போ தெரியவில்லை. வேதியியல் படிக்க அந்நிய ஊருக்கு வந்தாள், படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, தங்கிவிட்டாள். அவள் சேர்ந்த கம்பெனி செயற்கை டி.என்.ஏ. இழைகளைச் செய்து விற்கிறது. எந்த உயிரின் உடம்பிலும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீளமான இழை ஒன்று இருக்கிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதில் சின்னச் சின்னத் துண்டுகளை, எந்த உயிரின் தயவும் இல்லாமல், மருந்து பாட்டில்களிலிருந்தே எழுதி எடுப்பதுதான் அங்கே தொழில். காகிதத்துக்குப் பதில் கண்ணாடி. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அச்சு இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத துளிகளைத் தெளிக்கும். விழுந்த ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் இழை வளரத் தொடங்கும். ஓர் எழுத்து ஒட்டியதும் அமிலத்தால் அதன் மூடியைத் திறக்க வேண்டும், கழுவ வேண்டும், அடுத்த எழுத்தைத் தெளிக்க வேண்டும். மறுபடி அமிலம், மறுபடி கழுவல். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் வேறு வேறு வாசகம். ஒரு சிற்றூரின் ஜனத்தொகை அளவுக்கு இழைகள் ஒரே கண்ணாடியில் நிற்கும். ஒன்றைப்போல் இன்னொன்று இராது.

எழுதி முடிந்த கண்ணாடியைக் கனத்த இரும்புப் பாத்திரத்துக்குள் வைத்து அம்மோனியா வாயுவை அழுத்தி விடுவார்கள். இந்தக் கடைசி வேலைகள் நடக்கும் அறையை எல்லாரும் ரூம் என்பார்கள், அங்கே அந்தப் பாத்திரத்துக்குக் குக்கர் என்று பெயர். குக்கரில் கிடந்து எழுந்த இழைகள் கண்ணாடியோடு இருந்த பிடியை விட்டுவிட்டு அதன் மேலேயே படுத்திருக்கும். தூய நீர் ஒரு சொட்டு விட்டு வழித்தெடுத்தால் அத்தனையும் ஒரு சின்ன டியூபுக்குள் வந்துவிடும். பார்த்தால் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீருக்காகத்தான் ஆஸ்பத்திரிகளும் ஆராய்ச்சிக்கூடங்களும் வரிசையில் நிற்கின்றன. குக்கரிலிருந்து எடுத்து, சரிபார்த்து, வழித்து, டியூபில் சேர்ப்பது சீச்சி இருந்த ரூமின் வேலை.

நாற்றம் என்றால் ஒரு நாற்றமா? எழுத்து உதிராமல் இறுக்க ஊற்றுகிற அயோடின் கரைசலில் பிரிடின் என்று ஒன்று கலந்திருக்கும். பாட்டிலைத் திறந்தால், செத்த மீனை ஈரச் சாக்ஸில் கட்டி வெயிலில் போட்ட மாதிரி இருக்கும். குக்கரைத் திறந்தால் பேருந்து நிலையத்துக் கழிப்பறை. பின்கட்டுக் கொட்டகையில் கழிவு டிரம்கள் நிற்கும் இடத்தில் இவை எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தம் பண்ணிக்கொண்டு பெற்றுப் போட்ட நாற்றம் இருக்கிறதே, அதற்குப் பெயர் வைக்க ஆள் பிறக்கவில்லை. சோப்பு போட்டால் சோப்பு நாறும். பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்த நிறுத்தத்தில் ஏதோ ஞாபகம் வந்தாற்போல எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. யார் தோளும் தன் மேல் இடிக்காமல் வீடு போய்ச் சேர முடிந்ததே.

ஏனென்றால் மருந்தின் நாற்றத்தோடு அவள் எப்போதோ சமாதானமாகிவிட்டாள். அது மருந்துக்குச் சொந்தமானது, யாருடைய வாயிலிருந்தும் வந்ததல்ல. மனிதரிடமிருந்து ஒழுகுவதும் உதிர்வதும் தெறிப்பதும்தான் அவளுக்கு ஆகாது. அந்த வகையில் ரூம் அவளுக்குப் பிடித்த இடம். தலைக்கு உறை, வாய்க்கு மாஸ்க், கைக்கு கிளவுஸ், காலுக்குப் பை. மனிதரை இப்படி முழுக்கக் கட்டி மூடி வைத்திருக்கும் இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

அந்த ரூமுக்குள் அத்தானைக் கொண்டுவந்தது அவள்தான். அக்காவின் வீட்டுக்காரர் அங்கே சொந்த ஊரில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்து நொடித்துப் போனவர். கைவேகம் உள்ள மனிதர். சீச்சி சொல்லி வைத்தாள், கம்பெனி கூப்பிட்டது, அத்தானும் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். தங்குவதற்கான அனுமதி அவளுக்கு நிரந்தரமாகியிருந்தது. அத்தானுக்கு அது வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் குடும்பம் மொத்தமும் ஊரைக் காலி பண்ண வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம். எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பின் அறை சீச்சிக்கு.

அத்தானுக்குப் பெரிய மனசு, பெரிய வயிறு, இரண்டையும் விடப் பெரிய ஏப்பம். இடது கடைவாய்ப் பல் ஒன்று பாதி அழுகிப் போயிருந்தது. பல் டாக்டர் என்றால் பிள்ளைகளை விட அவருக்குத்தான் பயம். அதைப் பிடுங்காமல் நாக்கால் துழாவித் துழாவி "ச்சுக்" என்று உறிஞ்சிக்கொண்டே இருப்பார். சாப்பாட்டு மேஜையில் அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் சீச்சி தட்டைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்குப் போய்விடுவாள்.

"என்னடி, என் புருஷன் என்ன குஷ்டரோகியா?" என்பாள் அக்கா.

"அந்தப் பல்லை மட்டும் பிடுங்கச் சொல்லுக்கா, இங்கேயே உக்காந்து சாப்பிடறேன்."

"விடு விடு, மச்சினிக்கு என் பல் மேல ஒரு கண்ணு," என்று அத்தான் சிரிப்பார். சிரித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த அத்தான்தான் ரூமுக்குள் ஹாவைக் கொண்டுவந்தவர்.

வழிப்பதற்கு முன்னால், கண்ணாடியில் எல்லாப் புள்ளியும் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெளிக்கும் துவாரம் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தால் ஒரு வரிசை முழுக்க வெறுமையாகப் போயிருக்கும். அதற்கென்று ஒரு கேமரா இருந்தது. கிழட்டுக் கேமரா. கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்தான் படம் வரும். அத்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், கைபேசித் திரையைப் பார்த்த பழக்கத்தில், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். கண்ணாடியை வாய்க்கு நேரே பிடித்தார். "ஹா" என்று ஊதினார். கண்ணாடியில் மூச்சு படிந்தது. இழை இருக்கிற இடத்தில் ஒரு விதமாக, இல்லாத இடத்தில் வேறு விதமாக. ஒரு கணம் அத்தனை புள்ளியும் கட்டம் கட்டமாக எழுந்து நின்றது. அடைபட்ட வரிசை, எடுத்த வகிடு போலப் பளிச்சென்று தெரிந்தது. மறு கணம் எல்லாம் மறைந்து வெறும் கண்ணாடி.

ரூமே கைதட்டியது. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். "ஹா போட்டாச்சா?" "இதுக்கு இன்னொரு ஹா போடு, ஓரம் சரியாத் தெரியல." "காலையில பல் தேய்ச்சவங்க மட்டும் ஹா போடுங்கப்பா, கண்ணாடி மயங்கி விழுது." விதிப்படி கேமராதான். மேனேஜர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று பார்ப்பார், பார்க்காத மாதிரி நகர்ந்துவிடுவார். டியூப்கள் வேகமாக வெளியே போயின, அவருக்கு அது போதும்.

சீச்சி ஊதவில்லை. ஊதிய கண்ணாடியைத் தொட நேர்ந்தால் கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிக்கொண்டாள். அவள் மட்டும் கேமராவுக்கு முன்னால் காத்துக் கிடந்தாள், அவளுடைய ட்ரேக்கள் மேஜையில் மலையாகக் குவிந்தன. அப்போதெல்லாம் அத்தான் வந்து நிற்பார். "நகரு நகரு, உனக்கும் சேத்து நானே போடறேன்." அவள் நகர்வாள். சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். முதுகுக்குப் பின்னால் ஹா, ஹா, ஹா என்று வரிசையாகக் கேட்கும், நடுநடுவே ஒரு ச்சுக். "எல்லாம் சரியா இருக்கு, எடுத்துக்க" என்று அவர் நகர்ந்ததும் திரும்பி வந்து, தூய நீரைத் துளித்துளியாக விட்டு, கை நடுங்காமல் வழித்து டியூபில் சேர்ப்பாள். சீச்சி கை பட்டது என்றால் சுத்தம் என்று கம்பெனியில் பேர். அவள் பெயர் ஒட்டிய டியூபைத்தான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று அப்படி வாங்கியிருந்தது. தொண்டை வீங்கி வருகிற பிள்ளையின் தொண்டையிலிருந்து ஒரு துளி எடுத்தால், எந்தக் கிருமி என்று சொல்லிவிடுகிற சோதனை ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு இந்த இழைகள் வேண்டும். ஒரு நாள் அங்கிருந்த டாக்டரம்மா மேனேஜருக்குப் போன் போட்டார். எந்தப் பிள்ளையுடைய துளியும் சேர்க்காமல் வெறும் டியூபை வைத்துப் பார்த்தாலே சோதனை நோய் என்று காட்டுகிறதாம். ஒரு கிருமி இல்லை, வாய்க்குள் குடியிருக்கிற கிருமிகள் குடும்பத்தோடு இருக்கின்றனவாம். கூடவே மனித டி.என்.ஏ.வும். "உங்க டியூப்ல யாரோ ஒருத்தரோட வாய் இருக்கு" என்றாராம் டாக்டரம்மா. நேரில் வந்து ரூமைப் பார்க்கப் போவதாகவும் சொன்னாராம்.

மேனேஜர் சீச்சியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இதைச் சொன்னபோது, அவளுக்கு அந்த ட்ரே நினைவு வந்தது. அத்தானுக்குக் கன்னம் வீங்கியிருந்த வாரம். பல்லடியில் சீழ் கட்டி, எதைச் சாப்பிட்டாலும் உப்பாக இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். அந்த வாயால்தான் அவளுடைய கண்ணாடிகளுக்கு ஹா போட்டார். அவள்தான் அதை வழித்து எடுத்தாள். ஒரு சொட்டும் சிந்தாமல், பொறுமையாக.

மேனேஜர் வாசனைத் திரவியத்தில் குளித்து வருகிற ஆள். அந்த வாசனைக்குக் கீழேயும் வியர்வை தெரிந்தது.

"நம்ம ஆளுங்கள்ல யாருன்னு தோண்ட ஆரம்பிச்சா கம்பெனி கதை முடிஞ்சிடும்," என்றார். "ரூம் துடைக்க வர்றாளே ஒரு பொண்ணு, சுயிங்கம்னு கூப்பிடுவீங்களே, அவ மாஸ்க் இல்லாம உள்ள வந்து ட்ரே மேல தும்மினா. நீங்க பாத்தீங்க."

"நான் பாக்கலையே."

"டாக்டரம்மா கேக்கறப்ப பாத்தேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. இந்தக் கட்டடத்துல கதவைக்கூட முழங்கையால தள்ளித் திறக்கிறவங்க நீங்க ஒருத்தர்தான்." மேஜையில் ஒரு தூசியைத் தட்டினார். "உங்க அத்தானோட பேப்பர் கையெழுத்துக்கு என்கிட்டதான் வரப்போகுது. நான் ஒண்ணும் மிரட்டல. ஞாபகப்படுத்தறேன்."

சுயிங்கம் என்கிற அந்தப் பெண்ணைச் சீச்சிக்கு ஆகவே ஆகாது. இருபத்தைந்து வயதிருக்கும். எப்போதும் மூக்கு ஒழுகும், சட்டைக் கையால் இழுத்துத் துடைப்பாள். ரூமுக்குள் போகும்போது வாயிலிருப்பதை எடுத்துப் பெஞ்சின் அடியில் ஒட்டிவிட்டுப் போய், வரும்போது எடுத்துப் போட்டுக்கொள்வாள். அதை ஒரு நாள் பார்த்துவிட்டு சீச்சி மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் அவள் துடைக்க வருவதற்கு முன்னால் ட்ரேக்கள் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டுவிடும். அது சீச்சிக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

சாயங்காலம் வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மேனேஜர் அத்தானையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு அக்கா மேஜையில் உட்கார்ந்தாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு?"

"அவ செய்யலக்கா."

"செய்யலன்னா என்ன? அவ இன்னொரு இடத்துல போய்த் துடைப்பா. தரை இல்லாத ஊரா இது? நாங்க எங்க போவோம்? மூடின கடையைப் போய்த் திறக்கச் சொல்றியா?"

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ச்சுக். "நான் போட்ட ஒரு ஹாவுல யாருக்கு என்ன ஆயிடும்? நான் என்ன நல்ல பாம்பா?"

"அது பிள்ளைங்க தொண்டையைப் பாக்கற சோதனை அத்தான். நல்லா இருக்கற பிள்ளைக்கும் நோய்னு காட்டும். உங்க வாய்ல இருக்கறதை அவங்க வாய்ல இருக்கறதாச் சொல்லும்."

அத்தான் மென்றது நின்றது. பிறகு மெதுவாக மறுபடியும் மெல்லத் தொடங்கினார். "அதான் கண்டுபிடிச்சுட்டாங்கல்ல. இனிமே அந்த டியூபை யாரும் தொடப்போறதில்ல. அப்புறம் என்ன?"

"நாளைக்குப் போடப்போற ஹாவை?"

அக்கா அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள், அவள் கேட்காமலே. சின்ன வயதில் அவள் அழுதால் அப்படித்தான் போடுவாள். "உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரு வார்த்தை. தும்மினான்னு ஒரே ஒரு வார்த்தை."

அத்தான் பல்லை உறிஞ்சினார். சீச்சி அன்று தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகவில்லை. போக அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. மேஜையில் உட்கார்ந்தே, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, தின்று முடித்தாள்.

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் சுயிங்கம் தன் பெட்டியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். செருப்பு, ஒரு சீப்பு, பாதி தீர்ந்த கிரீம். சீப்பில் முடி இருந்தது.

"நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டாங்கக்கா," என்றாள். "எது மேலயோ தும்மிட்டேனாம். எனக்குத் தும்மலே வராதுக்கா. ஒழுகத்தான் ஒழுகும்."

சீச்சி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க பாத்தீங்களாமே? மேனேஜர் சொன்னாரு."

இன்னும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வரவில்லை. அதற்குள் அது அவள் பெயரில் ஊரைச் சுற்றிவிட்டு இங்கே வந்து நின்றது.

"நான் முதல்ல அடிச்சுப் பேசினேன், நான் இல்லன்னு," என்றாள் சுயிங்கம், மூக்கைச் சட்டைக் கையில் இழுத்துக்கொண்டே. "நீங்க பாத்ததா சொன்னதும் விட்டுட்டேன். நீங்க எதுக்குக்கா பொய் சொல்லப்போறீங்க? எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

சீச்சி கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கையைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். கழுவ வேண்டியது கையில் இல்லை என்பது தெரிந்தே இன்னொரு தடவை கழுவினாள்.

டாக்டரம்மா முற்பகலில் வந்தார். குட்டையாக வெட்டிய முடி, அலட்டல் இல்லாத பேச்சு. உறை, மாஸ்க் எல்லாம் முறைப்படி மாட்டிக்கொண்டுதான் ரூமுக்குள் நுழைந்தார். மேனேஜர் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தார். குக்கரைக் காட்டினார், அலமாரியைக் காட்டினார், கேமராவைக் காட்டினார். அன்று அத்தனை பேரும் கேமராவுக்கு முன்னால் பயபக்தியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தான் எதிர் மேஜையில், குனிந்த தலை நிமிராமல், ஏற்கெனவே துடைத்த ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்கதான் பாத்தவங்க," என்று மேனேஜர் சீச்சியைக் காட்டினார். "எங்ககிட்ட இருக்கறதுலேயே ரொம்பச் சுத்தமான ஆள்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு உள்ள வந்தப்ப ட்ரே எங்க இருந்துச்சு?"

சாதாரணக் கேள்வி. மேஜை மேல என்று சொன்னால் முடிந்தது. சொல்லத்தான் சீச்சி வாயெடுத்தாள். அந்தச் சொல் நாக்கில் வந்து உட்கார்ந்ததும், யாரோ மென்று துப்பியதை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"பூட்டின அலமாரிக்குள்ள," என்றாள்.

மேனேஜர் செருமினார்.

"அப்புறம் எப்படி ட்ரே மேல தும்மினா?"

"தும்மல."

"இவங்க கொஞ்சம் பதட்டத்துல..." என்று மேனேஜர் தொடங்கினார். சீச்சி அவரைப் பார்க்கவில்லை. வழிக்காமலே கழித்துப்போட்ட கண்ணாடிகள் கிடந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தாள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். எதிர் மேஜையில் அத்தானின் தலை லேசாக, மிக லேசாக, வேண்டாம் என்று அசைந்தது.

அவள் ஊதினாள். பழக்கமில்லாத மூச்சு, கண்ணாடியில் ஒன்றும் படியவில்லை. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் களுக்கென்றார். அவள் மறுபடி, அடிவயிற்றிலிருந்து, வாயை அகலமாகத் திறந்து, "ஹா" என்றாள். தன் எச்சில் ஈரம் கண்ணாடியில் போய் உட்காருவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள். அதற்குள்ளிருந்து புள்ளிகள் எழுந்தன, வரிசை வரிசையாக, ஆயிரம் ஆயிரமாக.

"ஐயோ, எவ்வளவு அழகா..." என்று டாக்டரம்மா தன்னையறியாமல் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். கை தானாக மாஸ்க்கின் மேல் போயிற்று.

"இப்படித்தான் பாப்போம்," என்றாள் சீச்சி. "கேமரா சும்மா."

"யாரு?"

"எல்லாரும்."

"நீங்களுமா?"

"நான் மாட்டேன். எனக்கு அருவருப்பு. இன்னொருத்தரைப் போட விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவேன். அப்புறம் நானே வழிச்சு டியூப்ல போடுவேன்."

டாக்டரம்மா கண்ணாடியிலிருந்து நிமிர்ந்தார். "அது அதைவிட மோசம்," என்றார்.

"ஆமா."

"எங்க டியூபுக்கு யாரு ஊதினாங்க?"

ரூமில் எல்லாரும் அவரவர் கிளவுஸைப் பார்த்தார்கள். அக்காவின் பிள்ளைகள் இரண்டும் பள்ளியில் இருக்கும் நேரம். சின்னது இப்போதுதான் இந்த ஊர்ப் பேச்சில் முழு வாக்கியம் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது.

"எங்க அக்கா வீட்டுக்காரர்," என்றாள் சீச்சி. "அதோ அவர்."

அத்தான் துடைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தார். ஏதோ சொல்லப்போவது போல மாஸ்க் அசைந்தது.

டாக்டரம்மா போகும்போது மேனேஜரிடம் இரண்டே விஷயம் சொன்னார். டியூப்கள் அத்தனையும் கேமரா வழியாகப் புதிதாகச் செய்து தர வேண்டும். துடைக்கிற அந்தப் பெண்ணை, தான் அடுத்த முறை வரும்போது, வேலையில் பார்க்க வேண்டும். மேனேஜர் சரி சரி என்று தலையாட்டி வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். வந்ததும் ரூமில் எல்லாரையும் பார்த்தார். எல்லாரையும் வெளியே அனுப்பினால் கடையை யார் நடத்துவது? ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அத்தானை அந்த நிமிஷமே பின்கட்டுக் கழிவுக் கொட்டகைக்கு மாற்றினார். "உங்க பேப்பர் என் மேஜைக்கு வரட்டும், பாத்துக்கலாம்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது சீச்சியை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். ஒரே நாளில் கொட்டகை அவர் மேல் ஏறியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தள்ளிப் போனார்கள். சீச்சி தள்ளிப் போகவில்லை.

"என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க."

"தடுத்திருப்பேன்தான்." தள்ளி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "நீ போ. நான் நடந்து வர்றேன்," என்றார். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

ஆகவே அக்காவிடம் சொல்ல வேண்டியது அவள் தலையில் விழுந்தது. மாடிப்படி ஏறி மணியடித்தாள். அக்கா ஈரக் கையோடு கதவைத் திறந்து, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவர் எங்க?"

"நடந்து வர்றாரு."

"ஏன்?"

வாசலிலேயே நின்று சீச்சி சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் மெழுகவில்லை. கொட்டகையைச் சொன்னாள், பேப்பரைச் சொன்னாள், தன் வாயால் அத்தானைக் காட்டிக் கொடுத்ததையும் சொன்னாள். உள்ளே பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அக்கா ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"உன் சுத்தத்துக்கு என் புருஷனைக் கழுவி ஊத்திட்டு வந்திருக்கே."

"அவ செய்யலக்கா. பாவம், தானே செஞ்சதா நம்பிட்டிருந்தா."

"அந்தப் பொண்ணு பேரென்ன?"

சுயிங்கம் என்று வாய் வரை வந்தது. அது பேரில்லை. ரூமுக்கு வெளியே எத்தனையோ காலை நேரங்களில் அவளைத் தாண்டிப் போயிருக்கிறாள், மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி.

"தெரியாதுக்கா."

அக்கா அவளையே பார்த்தாள். வாயோரம் மெல்லக் கோணியது, மூக்கு சுருங்கியது. அந்த முகச்சுளிப்பைச் சீச்சி தன் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், அக்காவிடம் பார்த்ததில்லை.

"உள்ள வா," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு வழிவிட்டாள், தோள் பட்டுவிடாத தூரத்துக்கு ஒதுங்கி.